சிறுநீர்ப்பை அகற்றிய பின் நீடிக்கும் வலி: அடிக்கடி நடக்கும் தவறுகள்

புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை எடுத்து மூன்று மாதம் ஆன பிறகும் வலிக்கிறது என்றால், "பெரிய ஆபரேஷன், அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். முதல் தவறு அதுதான். தையல் வலி வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். மூன்று மாதம் தாண்டியும் நின்றால் காரணம் தேட வேண்டும். எரிச்சலா, மின்சாரம் பாய்வது போலா, முறுக்கிப் பிடிக்கிறதா, உட்கார்ந்தால் கூடுகிறதா என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "வலிக்குது" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அவரால் அதிகம் செய்ய முடியாது.

மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடுவது அடுத்தது. இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாராசிட்டமால் பரவாயில்லை, ஆனால் கணக்குத் தப்பும். 650 மி.கி. மாத்திரை நாலு: 2,600. டிராமடால் என்ற வலி மருந்தோடு 325 மி.கி. பாராசிட்டமால் கலந்த மாத்திரை மூன்று: 975. ஜலதோஷத்துக்கு 500 மி.கி. உள்ள ஒன்று. மொத்தம் 4,075. ஒரு நாள் உச்சவரம்பு 4,000. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், கபாபென்டின் மூன்றே நாளில் பலன் காட்டாது, சில வாரம் பிடிக்கும். தலை சுற்றுகிறது என்று திடீரென நிறுத்தவும் கூடாது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைத்துத்தான் தருவார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மார்ஃபின், டிராமடால் எடுப்பவர்கள் மலமிளக்கியை முதல் நாளே தொடங்க வேண்டும். இங்கே இசப்கோல் சரிவராது: தண்ணீர் குறைவாகக் குடித்தால் அதுவே குடலில் கட்டிக்கொள்ளும்.

வயிற்றில் ஸ்டோமா (சிறுநீர் வெளியே வந்து பையில் சேர, குடல் துண்டால் அமைத்த திறப்பு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அந்தச் சிவந்த சதைக்கு வலி தெரியாது. வலிப்பது சுற்றியுள்ள தோல். முதல் 6 முதல் 8 வாரத்தில் ஸ்டோமா சுருங்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த அளவிலேயே பையின் துளையை வெட்டிக்கொண்டிருந்தால் இடைவெளியில் சிறுநீர் தேங்கித் தோல் வெந்துபோகும். வாரம் ஒருமுறை அளவு அட்டையை வைத்துப் பார்த்து, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுங்கள். இறுக்கமாக வெட்டினால் ஸ்டோமா அறுபடும், வலிக்காததால் தெரியவும் தெரியாது. எரிகிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவினால் பை ஒட்டாது. கசிவு கூடி எரிச்சல் இரட்டிப்பாகும். பை பாதி நிறைவதற்குள் காலி செய்யுங்கள், கனம் பை ஒட்டியிருக்கும் இடத்தை இழுக்கும்.

ஸ்டோமா அருகே இருமும்போது புடைத்து, படுத்தால் அமுங்கும் வலி பெரும்பாலும் குடலிறக்கம். அதற்கு மாத்திரையால் பயனில்லை. பளு தூக்குவதை நிறுத்திவிட்டு சர்ஜனிடம் காட்டுங்கள்.

தொற்று சந்தேகத்தில் பையில் தேங்கிய சிறுநீரைச் சோதனைக்குக் கொடுப்பதும் வீண். அதில் எப்படியும் கிருமி வளர்ந்திருக்கும், தேவையில்லாத ஆன்டிபயாடிக்தான் மிஞ்சும். ஸ்டோமாவுக்குள் சுத்தமான குழாய் விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

குளிர் நடுக்கத்தோடு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், விலாப்புற வலி, சில மணி நேரமாகச் சிறுநீரே வராமை, வாந்தியோடு வயிறு உப்பிக் காற்றும் பிரியாமை, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது: இவற்றில் எது வந்தாலும் மாத்திரை போட்டு விடியும்வரை பார்க்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.