தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு: எல்லாரும் தயங்காமல் சாப்பிட

மலேசியாவில் பண்டிகை என்றால் வீட்டுக் கதவு திறந்திருக்கும். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீட்டில், சீனப் புத்தாண்டுக்குச் சீனர் வீட்டில், தீபாவளிக்கு நம் வீட்டில். மலாயில் இதை 'ரூமா தெர்புகா' என்பார்கள். ருசிகூட இதில் இரண்டாம் பட்சம்தான். வந்தவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதை நான் சாப்பிடலாமா?" என்று கேட்கும்படி விடக்கூடாது.

முதலில் நாள். வெள்ளிக்கிழமை என்றால் 1 மணி முதல் 2.30 வரை முஸ்லிம் ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வரும்படி அழையுங்கள். சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது, அங்கே வார இறுதிதான் வசதி. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. சீன மாதத்தின் முதல் நாளும் அமாவாசையில்தான் தொடங்குகிறது. அதனால் தீபாவளிக்கு மறுநாள் பெரும்பாலும் சீனர்களுக்கு மாதப் பிறப்பு. முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடும் சீன பௌத்தர்கள் நிறைய. மறுநாள் விருந்து வைத்தால் சைவ அயிட்டங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஹலால் விஷயத்தில் 'பன்றி இல்லை' என்பது மட்டும் போதாது. கோழியும் ஆடும் ஹலால் முறையில் அறுத்ததாக இருக்க வேண்டும். கேக்கில் ரம் எசன்ஸ், இனிப்புகளில் விலங்கு ஜெலட்டின் ஒளிந்திருக்கும். கடல்பாசியில் செய்யும் அகார் அகாருக்கு மாறுங்கள். வீட்டுப் பாத்திரத்தில் எப்போதாவது ஹலால் அல்லாத இறைச்சி சமைத்திருந்தால், அசைவத்தை ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய வளர்ச்சித் துறை) ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரிங்காரரிடம் கொடுத்துவிடுவதே நேர்மையான வழி. சைவத்தை வேறு பாத்திரத்தில் வீட்டில் சமைக்கலாம். மாட்டிறைச்சி வேண்டாம், நம்மவர் மட்டுமல்ல, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின்னின் பக்தர்கள் பலரும் அதைத் தொடமாட்டார்கள். தேங்காய்ப்பாலில் வற்றவிடும் மலாய்க் கறியான ரெண்டாங் வேண்டுமென்றால் கோழியில் செய்யுங்கள்.

சைவத்தில்தான் அதிகம் சறுக்குவோம். மிளகாய்ச் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது, வறுத்த மீ நூடுல்ஸில் சிப்பிச் சாறு, கீரைப் பிரட்டலில் நெத்திலி என்று எங்கேயாவது புகுந்துவிடும். சீன பௌத்தரின் கண்டிப்பான சைவத்தில் வெங்காயம், பூண்டு கிடையாது. அவை இல்லாத குறைக்குப் பெருங்காயத்தைத் தட்டிப்போடுவது நம் கைப்பழக்கம். ஆனால் அவர்கள் விலக்கும் ஐந்து காரப் பொருள்களில் பெருங்காயமும் ஒன்று! கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை மட்டும் தாளித்து, தோஃபுவும் முட்டைக்கோசும் போட்டு ஒரு பிரட்டல் செய்தால் யாரும் சாப்பிடலாம். முறுக்கும் ஓமப்பொடியும் எல்லாருக்கும் பொது என்று நினைக்கிறோம், ஆனால் இரண்டிலும் பெருங்காயம் சேர்ந்திருக்கலாம். அது சேர்க்காததாகக் கேட்டு வாங்குங்கள்.

சைவத்துக்குத் தனி மேசை போடுங்கள். ஒரே மேசையானால் ஆட்டுக்கறிக் கரண்டி அரை மணி நேரத்தில் சாம்பாருக்குள் போய்விடும். அதன் பிறகு சைவக்காரருக்கு அங்கே எதுவும் இல்லை. சைவக் கரண்டிகளின் பிடியில் பச்சை நூல் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் பெயரையும், முட்டை, பால், வெங்காயம் உண்டா என்பதையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள்.

50 பேருக்கு 5 கிலோ அரிசி, எலும்போடு 8 கிலோ கோழி, 4 கிலோ ஆடு தாராளம். பலரும் வேறு இரண்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். விருந்து காலை 11 முதல் மாலை 5 வரை நீளும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். தேங்காய்ப்பால் குழம்பு நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் புளிக்கும். சின்னப் பாத்திரத்தில் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுப்பிலிருந்து புதிதாக மாற்றுங்கள்.

நாயைப் பின்கட்டில் கட்டுங்கள். அதன் எச்சில் பட்டால் முஸ்லிம்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். அஸர் என்ற மாலைத் தொழுகைக்குச் சுவாமி படம் இல்லாத அறை ஒன்றைக் கூட்டி வையுங்கள். கோலாலம்பூரில் கிப்லா, அதாவது தொழும் திசை, மேற்கிலிருந்து சற்றே வடக்காக இருக்கும். கை நீட்டாமல் நெஞ்சில் கை வைத்து வணங்கும் பெண்ணிடம் நாமும் அப்படியே செய்தால் போதும்.

பிள்ளைகளுக்குப் பண உறை கொடுக்கையில் 11, 21 என்று ஒன்று கூட்டி வைப்பது நம் வழக்கம். சீனரிடம் ஒற்றைப்படைத் தொகை இழவு வீட்டுக்குரியது, 4 சாவை நினைவூட்டும் எண். அவர்கள் பிள்ளைகளுக்கு 2 அல்லது 10 ரிங்கிட் வையுங்கள். வெள்ளை உறை வேண்டவே வேண்டாம்.

கிளம்பும்போது 'தாப்பாவ்' கட்டிக்கொடுக்க 25 டப்பாக்கள் வாங்கி வையுங்கள். சைவ டப்பாவின் மூடியில் பெயரை எழுதிவிட்டு, அசைவத்தைத் தொடுவதற்கு முன்பே அவற்றை நிரப்பிவிடுங்கள்.