ஈலி கடற்கரைக்கு வற்று நேரம் பார்த்துப் போங்கள்

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையில் உள்ள ஈலி கிராமத்துக்குப் போகிறவர்கள், கடல் வற்றி முடிவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே ரூபி விரிகுடாவில் இறங்கிவிடுங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்த ஓரிரு நாள் இன்னும் நல்லது.

அந்த நாட்களில்தான் நீர் அதிக தூரம் உள்வாங்கும். இந்தக் கரையில் அப்போது ஏற்றத்துக்கும் வற்றுக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும், வற்றும் பெரும்பாலும் காலையிலேயே வரும். பழைய எரிமலைப் பாறையிலிருந்து உதிர்ந்த கார்னெட் எனும் செந்நிறக் கல்மணிகளை ஈர மணலில் தேடலாம். கடுகளவுதான் இருக்கும், சூரியனைப் பார்த்தபடி குனிந்தால் மினுங்கும். பாறையைக் கொத்தாதீர்கள், உதிர்ந்தது போதும். நீர் இறங்கும்போதே போவதால், பக்கத்துத் திட்டில் நிற்கும் 18ஆம் நூற்றாண்டு சீமாட்டி கோபுரத்தையும் அவசரமில்லாமல் பார்த்துவிடலாம்.

ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல், கிரீன்விச் நேரத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நீர் அவ்வளவு உள்வாங்காது, அப்போது இந்தக் கணக்கு உதவாது. கிராமத்துக்கு மேற்கே சங்கிலி பிடித்துப் பாறையில் ஏறும் பாதைக்கு வற்று நேரம் மட்டும் போதாது. அலை அடித்தாலோ பாறை நனைந்திருந்தாலோ அதில் கால் வைக்காதீர்கள்.