ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவை நடக்க விட்டுப் பாருங்கள்

மார்த்தாண்டம் பக்கத்தில் யாருக்காவது குடலில் கட்டி என்றால், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுவோம். எந்த டாக்டர், எவ்வளவு ஆகும், ரூம் கிடைக்குமா என்று நாலு பேரிடம் விசாரிப்போம். ஆளுக்கு ஆபரேஷனைத் தாங்கும் தெம்பு இருக்கிறதா என்று மட்டும் யோசிக்க மாட்டோம். எங்கள் அப்பா விஷயத்தில் நானும் யோசிக்கவில்லை.

வயதை விடுங்கள். 78 வயதில் விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போகிறவரும் உண்டு, 62 வயதில் நாற்காலிக் கையைப் பிடிக்காமல் எழ முடியாதவரும் உண்டு. இரண்டாமவருக்குத்தான் ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆவது, ராத்திரி ஆள் தெரியாமல் பிதற்றுவது, வீட்டுக்கு வந்தும் பழைய நடை திரும்பாமல் போவது எல்லாம் அதிகம்.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 2001-ல் லிண்டா ஃபிரைட் என்ற அமெரிக்க டாக்டரின் குழு ஐந்து அடையாளங்களைச் சொன்னது: முயற்சி செய்யாமலே ஒரு வருஷத்தில் நாலரை கிலோ குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடியில் பலம் இல்லாமை, மெதுவான நடை, நடமாட்டமே சுருங்கிப் போவது. மூன்று இருந்தால் உடம்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முற்றத்தில் 4 மீட்டர் அளந்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 5 நொடிக்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது, ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அம்மாவிடம் நீட்டுவார். நாங்கள் ‘வயசாயிட்டுல்லா’ என்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

குடல் அடைத்து வயிறு வீங்கி வாந்தி என்றால் இதெல்லாம் பார்க்க நேரமில்லை, உடனே போங்கள். தேதி குறித்து நடக்கிற ஆபரேஷன் என்றால் நடுவில் இரண்டு மூன்று வாரம் கிடைக்கும் (நீங்களாகத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்), அதை ‘ரெஸ்ட் எடுக்கட்டும்’ என்று கட்டிலில் வீணாக்காதீர்கள். தினமும் நடை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்தை ஏற்றுவது, பீடி அன்றைக்கே நிறுத்தம். சாப்பாட்டில் புரதம்தான் முக்கியம்: கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை, அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், அதனால் சாளை மீன், பயறு, தயிர் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு எட்டும். கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

முந்தின ராத்திரியிலிருந்தே பட்டினி போடுவது பழைய வழக்கம். இப்போது பொதுவாக மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பு வரை லேசான சாப்பாடு, 2 மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் சரி என்கிறார்கள், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் மயக்க டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் வார்டில். டாக்டர் சாப்பிடலாம் என்றதும் நாம் கஞ்சித் தண்ணியிலேயே நின்றுவிடுகிறோம். கஞ்சியோடு பயறும் முட்டையும் கொடுக்கலாமா என்று கேளுங்கள். மறுநாளே எழுப்பி உட்கார வைக்க நர்ஸ் வந்தால், ‘தையல் பிரிஞ்சிரும்’ என்று தடுக்கிற சித்தியை வெளியே டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். படுத்தே கிடந்தால் இருக்கிற சதையும் கரைந்துவிடும். கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள், ராத்திரிக் குழப்பம் குறையும். அப்பா இரண்டாம் நாள் ராத்திரி என்னை யாரென்று கேட்டார். அவர் கண்ணாடியை, தொலைந்துவிடக் கூடாதென்று, வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வந்தவன் நான்தான்.