கர்ப்ப கால மலேரியா: எங்கே தப்பாகப் புரிந்துகொள்கிறோம்?

"கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி குறையும், அதனால்தான் மலேரியா தாக்குகிறது." சுலபமான பதில். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் முதல் பிரசவத்துக்கும் நாலாவதுக்கும் ஒரே ஆபத்து இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் மலேரியா ஓயாத பகுதிகளில் அப்படி இல்லை. தலைச்சன் பிள்ளையைச் சுமக்கும் பெண்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். இத்தனைக்கும் சின்ன வயதிலிருந்தே மலேரியா கண்டு பழகிய உடம்பு அவர்களுடையது.

காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்ததும் தன் புரதங்களை அணுவின் மேற்பரப்புக்கு அனுப்புகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அணு முழுக்கச் சின்னச் சின்ன முண்டுகள். அவற்றில் நிற்கும் ஒட்டுப் புரதத்துக்குச் சுமார் 60 மரபணுக்கள் உண்டு; ஒரு சமயத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் வேலை செய்யும். அவற்றில் ஒன்று உருவாக்கும் வார்2சிஎஸ்ஏ என்ற புரதம், நஞ்சுக்கொடியில் உள்ள காண்ட்ராய்டின் சல்பேட் ஏ என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிமானத்தை 1996-இல் மிகால் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதல் கர்ப்பம் வரை இந்தப் புரதத்தை உடம்பு அனேகமாகச் சந்தித்ததே இல்லை. அதற்கான ஆன்டிபாடி பிறகுதான் உருவாகி, அடுத்தடுத்த கர்ப்பங்களில் கைகொடுக்கிறது.

"இவள் கர்ப்பிணி என்று ஒட்டுண்ணி கண்டுபிடித்துவிடுகிறது" என்று எழுதுவதும் தப்பு. கிருமி புகுந்த அணுக்களில் ஒட்டாதவற்றை மண்ணீரல் வடிகட்டிவிடும். ஒட்டிக்கொண்டவை தப்பித்துப் பெருகும். இதில் திட்டமும் இல்லை, தந்திரமும் இல்லை.

உயிருக்கே ஆபத்தான தவறு வேறொன்று: விரல் நுனி ரத்தத்தில் கிருமி இல்லை என்றதும் மலேரியா இல்லை என்று முடிவு கட்டுவது. நஞ்சுக்கொடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போது சுற்றோட்ட ரத்தத்தில் கண்ணுக்கே படாமல் போகலாம். மலேரியா உள்ள ஊரில் இருப்பவர், அங்கே போய்வந்தவர் என்றால், காய்ச்சல் தொடரும்போது சோதனையைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும்.

அப்புறம், குழந்தை எடை குறைந்து பிறப்பதற்குக் கிருமி குழந்தையைத் தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஒட்டிய அணுக்களைப் பார்த்துத் தாயின் மோனோசைட்டுகள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) அங்கே குவிந்து அழற்சி சமிக்ஞைகளை விடுகின்றன. அதில் நஞ்சுக்கொடி வழியாகச் சத்து போவது குறைகிறது. சேதத்தில் பெரும்பங்கு தாயின் எதிர்வினையால் வருவது.

இதையெல்லாம் அப்படியே டாக்ஸோபிளாஸ்மா என்ற இன்னொரு ஒட்டுண்ணிக்குப் பொருத்தாதீர்கள். அது செல்லுக்குள் ஆர்ஓபி16 போன்ற புரதங்களைச் செலுத்தி, அந்தச் செல்லின் மரபணு இயக்கத்தையே மாற்றுகிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தொற்றினால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு குறைவு, ஆனால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் நேர்மாறு. இது பூனைக் கழிவு வழியாகப் பரவும் என்று பயந்து வீட்டுப் பூனையைத் துரத்தவும் வேண்டாம். அரைவேக்காட்டுக் கறியும் தோட்டத்து மண்ணும் கூடத் தொற்றுக்கு வழிதான். பூனைக் கழிவு தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். அதற்குள் வீட்டில் வேறு யாராவது தினமும் அள்ளிப் போட்டுவிட்டால் போதும்.