பழைய பிக்கப் வாங்குமுன் ஒரு கழித்தல் கணக்கு

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். அந்த வண்டி சட்டப்படி சுமக்கக்கூடியது அவ்வளவுதான். விற்பவர் சொல்லும் "ரெண்டு டன் தாங்கும்" கணக்கில் வராது. வெற்று எடையில் ஓட்டுநர் சேர்வதில்லை. மொத்தம் 2,950 கிலோ, வெற்று எடை 1,650 கிலோ என்றால் மிச்சம் 1,300. அதில் ஓட்டுநருக்கும் உதவியாளுக்கும் 140 போனால் 1,160. காசிமேட்டில் மீன் ஏற்றுபவர்கள் ஐஸையும் கூட்டிக்கொள்ள வேண்டும். உருகினாலும் தண்ணீர் வடியாதவரை எடை குறையாது. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி.

பதிவுக்குப் பிறகு இரும்புக் கூண்டோ ஐஸ் பெட்டியோ பொருத்திய வண்டிக்கு இந்தக் கணக்கு பொய்த்துவிடும். மணலி, மாதவரம் பக்கம் எடை மேடைகளுக்குப் பஞ்சமில்லை; டீசலை நிரப்பி வெறும் வண்டியை ஏற்றி நிறுத்தி, சீட்டில் வரும் எடையை வைத்துக் கழியுங்கள்.

டிரெய்லர் இழுப்பதற்கும் இது போதாது. இழுவைத் திறன் வேறு கணக்கு, தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். அதோடு டிரெய்லர் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக வண்டியின் பின்பக்கத்தில் இறங்கும். அதையும் சுமையில் சேருங்கள்.