எண் சரிதான், நிபந்தனை எங்கே? ஆற்றல், பொருள் ஆய்வுச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 நவம்பரில் சீனாவின் லாங்கி நிறுவனம் விழும் வெயிலில் 33.9 சதவீதத்தை மின்சாரமாக்கும் திறன் கொண்ட சோலார் செல் ஒன்றைச் செய்து காட்டியது. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை மெல்லிய படலமாக ஏற்றிய இரட்டை அடுக்குச் செல் அது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் அளந்து சான்றும் கொடுத்தது. எண்ணில் தவறே இல்லை. ஆனால் அந்தச் செல்லின் பரப்பு சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர், அவ்வளவுதான்.

புதிய பேட்டரி, பசுமை ஹைட்ரஜன், கார்பன் குறைந்த சிமென்ட் என்று இந்தத் துறையில் செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. இவற்றில் பொய்ச் செய்தியால் வரும் குழப்பம் குறைவு. உண்மையான எண்ணை, அது எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதை விட்டுவிட்டு எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம்தான் அதிகம். இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளிலும், மாடியில் சோலார் போட நினைப்பவர்களின் கணக்கிலும், வீடு கட்டுகிறவர்கள் சிமென்ட் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரே மாதிரித் தவறுகள்தான் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன.

செல் வேறு, பேனல் வேறு, மொட்டை மாடி வேறு

சின்னஞ்சிறு செல்லில் பெரோவ்ஸ்கைட் படலத்தைச் சீராகப் படிய வைக்கலாம். அதையே ஒன்றரை, இரண்டு சதுர மீட்டருக்கு விரித்தால் எங்காவது ஓர் ஓட்டை, எங்காவது தடிப்பு வந்துவிடும். செல்களை இணைக்கும் கம்பிகளிலும் இடைவெளிகளிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. 2024இல் ஆக்ஸ்ஃபோர்ட் பி.வி. நிறுவனம் ஜெர்மனியில் தயாரித்து, விற்பனைக்கு அனுப்பிய முதல் இரட்டை அடுக்குப் பேனல்களின் திறன் 24.5 சதவீதம். இன்று கடையில் கிடைக்கும் நல்ல சிலிக்கான் பேனலே 22, 23 சதவீதம் தருகிறது. ஆக 33.9 என்ற செய்தியைப் படித்துவிட்டு, "இரண்டு வருஷம் பொறுத்தால் ஒன்றரை மடங்கு கரண்ட்" என்று கணக்குப் போட்டுக் காத்திருப்பது வீண்.

ஆயுளும் அப்படித்தான். சிலிக்கான் பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆகாது. பேனல்களுக்கான சர்வதேசச் சோதனைகளில் ஒன்று, 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துப் பார்ப்பது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் ஓர் ஆய்வுச் செய்தியில் முதலில் தேட வேண்டியது திறன் சதவீதத்தை அல்ல, இந்தச் சோதனை செய்தார்களா என்பதைத்தான்.

ஆய்வகத்தை விடுங்கள், ஏற்கெனவே சந்தையில் உள்ள பேனலிலும் இதே தவறு நடக்கிறது. 540 வாட் பேனல் என்றால், பேனலின் வெப்பம் 25 டிகிரியாகவும் அதன் மேல் விழும் வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட்டாகவும் இருக்கும்போது 540 வாட் வரும் என்று பொருள். மதுரையில் மே மாத உச்சி வெயிலில் பேனலின் சூடு 65 டிகிரியைத் தொடலாம். டேட்டா ஷீட்டில் 'வெப்பநிலைக் குணகம்' என்று ஒரு வரி இருக்கும். பல சிலிக்கான் பேனல்களுக்கு அது டிகிரிக்கு 0.35 சதவீத இழப்பு. 40 டிகிரி கூடுதல் என்றால் 14 சதவீதம் போய்விடும், மிச்சம் சுமார் 464 வாட். இரண்டு பேனல்களில் எதை வாங்குவது என்று யோசிப்பவர்கள் திறனில் உள்ள அரை சதவீத வித்தியாசத்துக்குக் கூடுதல் பணம் தருகிறார்கள், இந்த வரியைப் பார்ப்பதே இல்லை. நம் ஊர் வெயிலுக்கு, 0.35க்குப் பதில் 0.29 போட்டிருக்கும் பேனல்தான் லாபம். மாடித் தரையோடு ஒட்டாமல், அடியில் காற்றோட இடம் விட்டுப் பொருத்துவதும் அதே காரணத்துக்காகத்தான்.

இன்னொன்று, கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்பிக்கொள்வது. கிலோவாட் என்பது ஒரு நேரத்தில் வரும் மின்சாரத்தின் வேகம்; ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் சேருவது ஒரு யூனிட். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள சோலார் பூங்கா 648 மெகாவாட் என்றால், அது அனல் மின் நிலையத்தின் 648 மெகாவாட் மாதிரி இரவும் பகலும் ஓடாது. வீட்டு மாடியில் 1 கிலோவாட் போட்டால் தமிழ்நாட்டில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட்டை ஒட்டிக் கிடைக்கும், 24 யூனிட் அல்ல.

99.9 சதவீதம் போதாத இடம்

பேட்டரி ஆய்வுகளில் பெரும்பாலான முடிவுகள் கைக்கடிகாரத்தில் போடும் பேட்டரி அளவிலான காயின் செல்லில் அளக்கப்பட்டவை. அதில் தவறில்லை, ஆய்வு அங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் அந்தச் சின்ன செல்லில் தாராளமாக எலக்ட்ரோலைட் (அயனிகளைக் கடத்தும் திரவம்) ஊற்றியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் தேவைக்குப் பல மடங்கு லித்தியம் தகடு வைத்திருப்பார்கள். சார்ஜ் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் லித்தியம் வீணானாலும் அந்தக் கையிருப்பிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளும். இழப்பு வெளியில் தெரியாது.

ஒரு சுற்றுக்கு ஏற்றிய சார்ஜில் 99.9 சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்று கட்டுரையில் இருந்தால் பிரமாதமாகத் தோன்றும். கையிருப்பு இல்லாத நிஜ பேட்டரியில் அந்த 0.1 சதவீதம் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். 500 சுற்றுக்குப் பின் சுமார் 61 சதவீதம்தான் மிச்சம். 1,000 சுற்றில் 37. அதுவே 99.99 என்றால் 1,000 சுற்றுக்குப் பிறகும் 90 சதவீதம் நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு 9தான் வித்தியாசம். அந்த ஒரு 9ஐப் பிடிக்க ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள், அதைச் செய்தியில் யாரும் தலைப்பாகப் போடுவதில்லை.

எடைக்கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். லித்தியம்-சல்ஃபர் பேட்டரிக்கு, வினையில் பங்கேற்கும் பொருளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கிலோவுக்குச் சுமார் 2,600 வாட்-மணி வரும். செம்புத் தகடு, அலுமினியத் தகடு, நடுவிலுள்ள பிரிப்பான், எலக்ட்ரோலைட், உறை எல்லாம் சேர்ந்த முழு செல்கள் 500ஐ எட்டவே திணறுகின்றன. அப்புறம் அந்த செல்களை அடுக்கி, குளிரூட்டி, பெட்டிக்குள் வைத்தால் இன்னும் குறையும். ஓர் எண்ணைப் பார்த்தால், அது பொருளுக்கா, செல்லுக்கா, முழு பேக்குக்கா என்று கேட்காமல் வேறோர் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

எல்லைக் கோட்டை எங்கே போட்டார்கள்?

2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் அணுக்கரு இணைவுச் சோதனை ஒன்று வெற்றி பெற்றது. 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் உள்ளே போய், 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. இயற்பியலில் அது பெரிய மைல்கல்தான். ஆனால் அந்த லேசரை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்த ஆற்றல் சுமார் 300 மெகாஜூல். கணக்கின் எல்லைக் கோட்டைச் சிறு எரிபொருள் உருண்டையைச் சுற்றிப் போட்டால் லாபம், கட்டடத்தைச் சுற்றிப் போட்டால் நூறில் ஒரு பங்கு. இரண்டும் உண்மை. முதல் கணக்கைச் சொல்லி இரண்டாவது முடிவுக்குத் தாவுவதுதான் தவறு.

பசுமை ஹைட்ரஜனிலும் இந்தக் கோடு முக்கியம். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் பிடிக்கும். அந்தக் கிலோவுக்குள் இருப்பது சுமார் 33 யூனிட். எரிபொருள் செல்லில் போட்டுத் திரும்ப மின்சாரமாக்கினால் அதில் பாதியளவுதான் கைக்கு வரும். போட்டதில் மூன்றில் ஒரு பங்கு! பேட்டரியில் சேமித்தால் 85 சதவீதமாவது திரும்பும். எனவே ஹைட்ரஜனை ஆற்றல் ஊற்று என்று நினைப்பது தவறு. அதே சமயம் "அப்படியானால் ஹைட்ரஜனே வீண்" என்று முடிவு கட்டுவதும் தவறுதான். உர ஆலையில் அம்மோனியா செய்ய ஹைட்ரஜன் மூலப்பொருள். இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க அது நிலக்கரியின் வேலையைச் செய்கிறது. அங்கே பேட்டரி என்ன செய்ய முடியும்?

சிமென்ட்: எதோடு ஒப்பிட்டு 40 சதவீதம்?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7, 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினால் தீர்ந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். தீராது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லுக்குள்ளேயே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். சுத்தமான சுண்ணாம்புக்கல் ஒரு டன்னுக்கு 0.44 டன். எந்த நெருப்பில் சுட்டாலும் அது வந்தே தீரும். சிமென்டின் மொத்த வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் இப்படி வருவதுதான்.

அதனால்தான் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டால் கிடைக்கும் கிளிங்கரையே குறைக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றில் நன்கு முன்னேறியிருப்பது எல்.சி.3 சிமென்ட். பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மிச்சம் ஜிப்சம். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும், கிளிங்கருக்கு 1,450 வேண்டும். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்களும் இதில் நெடுநாள் உழைத்தன. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கெனத் தனித் தரநிலையும் வெளியிட்டது.

செய்திகளில் "40 சதவீதம் வரை கார்பன் குறைவு" என்று வரும். சரி, எதோடு ஒப்பிட்டு? கலப்பில்லாத ஓ.பி.சி. சிமென்டோடு. ஆனால் நம் ஊர்க் கடையில் மூட்டை கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி., அதாவது அனல் நிலையச் சாம்பல் கலந்தது. அதில் ஏற்கெனவே 35 சதவீதம் வரை கிளிங்கர் குறைந்திருக்கலாம். அதோடு ஒப்பிட்டால் எல்.சி.3யால் மிச்சமாகும் கார்பன் அவ்வளவு பெரிதாக இருக்காது. சாம்பல் கிடைக்காத இடத்தில் அதன் மதிப்பே வேறு. புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் ஓ.பி.சி.யை அடிப்படையாக வைத்துப் பெரிய எண்ணைக் காட்டுவதைவிட, உள்ளூர்க் கடையில் உள்ள சிமென்டை அடிப்படையாக வைத்துச் சின்ன எண்ணைக் காட்டினால் அந்த ஆய்வு யாருக்காவது பயன்படும்.

கிலோ சிமென்டுக்கு எவ்வளவு கார்பன் என்று மட்டும் பார்ப்பதும் போதாது. கட்டடத்துக்கு வேண்டியது வலு, அதுவும் பல பத்தாண்டுகளுக்கு. வலு குறைந்ததால் கூடுதல் மூட்டை போட்டால் மிச்சம் பிடித்தது போய்விடும். எல்.சி.3 கான்கிரீட் கடல் உப்பு உள்ளே இறங்குவதை நன்றாகத் தடுக்கிறது, கடலோரப் பாலத்துக்கு நல்ல செய்தி. ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் குலைப்பதை, இது ஓ.பி.சி. அளவுக்குத் தடுப்பதில்லை. ஒரு பண்பில் நல்ல முடிவு வந்தால் எல்லாப் பண்பிலும் நல்லது என்று எழுதிவிடக் கூடாது.

ஆய்வகத்தில் கான்கிரீட் கட்டிகளைத் தொட்டித் தண்ணீரில் 28 நாள் ஊறப்போட்டு வலுவைச் சோதிக்கிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றி மூன்று நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். கலப்பு சிமென்டுக்கு இது இன்னும் கெடுதல். அதன் வினை மெதுவாக நடக்கும், ஈரம் நீண்ட நாள் வேண்டும். இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பே ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் க்யூரிங் என்கிறது. வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் இந்தப் பத்து நாளைக் கேட்டு வாங்குங்கள், புது சிமென்டோ பழைய சிமென்டோ.

மக்கும் பை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாவரத்திலிருந்து செய்ததெல்லாம் மக்காது, மக்குவதெல்லாம் தாவரத்திலிருந்து வந்ததும் அல்ல. கரும்பிலிருந்து செய்யும் பாலிதீன் சாதாரண பாலிதீன் போலவே மண்ணில் கிடக்கும். மக்கும் பைகளில் சேர்க்கும் பி.பி.ஏ.டி. என்ற பொருள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. சோள மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் பி.எல்.ஏ. மக்க 60 டிகிரியை ஒட்டிய சூடுள்ள தொழிற்சாலை உரக்கிடங்கு தேவை. கண்மாய்க் கரையில் வீசினால் அந்தச் சூடு கிடைக்காது.

அவசரமும் அலட்சியமும்

2023 ஜூலையில் எல்.கே.-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் இயங்குகிறது என்று தென்கொரியக் குழு ஒன்று முன்பதிப்பு வெளியிட்டது. சக ஆய்வாளர் மதிப்பீடு அப்போது நடக்கவில்லை. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்தார்கள், கிடைக்கவில்லை. மின்தடை திடீரென விழுந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு என்று சில வாரங்களில் தெரிந்தது. வேறோர் ஆய்வகம் செய்து பார்த்ததா என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை பகிராமல் இருப்பது நல்லது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு "ஆய்வகச் செய்தி எல்லாமே இப்படித்தான், எதுவும் வெளியே வராது" என்று ஒதுக்குவோரும் உண்டு. அதுவும் இதே அளவு பெரிய தவறு. 2009இல் ஜப்பானில் மியாசகா குழு பெரோவ்ஸ்கைட்டில் முதல் சோலார் செல் செய்தபோது திறன் 3.8 சதவீதம், சில நிமிடங்களில் கெட்டுப்போகும் செல் அது. பதினைந்தே வருடங்களில் பேனலாக விற்பனைக்கு வந்துவிட்டது. லித்தியம் பேட்டரி பேக்கின் உலகச் சராசரி விலை 2024இல் கிலோவாட்-மணிக்கு 115 டாலராக இறங்கியது. எந்த ஒரு தலைப்புச் செய்தியும் அதைச் செய்யவில்லை. பூச்சை ஒரு மைக்ரான் சீராக்கியது, உலர்த்தும் நேரத்தைக் குறைத்தது, கோபால்டைக் கைவிட்டது என்று பத்திரிகையில் வராத சின்னச் சின்ன வேலைகள் வருடா வருடம் சேர்ந்து கொண்டுவந்த விலை அது.