மயில் கழுத்தில் வந்த அலை

சிவகாசியில் அச்சான பழைய தீப்பெட்டி லேபிள்களைப் பார்த்துத்தான் நான் வண்ணம் சேர்க்கக் கற்றேன். ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு, அப்படியொரு லேபிளில் இருந்த மயிலை ஸ்கேன் செய்து வைத்தேன். திரையில் அருமை. அச்சகத்தில் ஆஃப்செட் முறையில் அடித்த மாதிரிப் பிரதியில் மட்டும் மயிலின் கழுத்தெங்கும் நீரலை போல வரிகள்.

ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தேன். ஸ்கேன் நுணுக்கத்தை 300 டிபிஐயிலிருந்து (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) 600 ஆக்கினேன். காகிதத்தையும் மாற்றச் சொன்னேன். மூன்று நாள் போனது, வரி போகவில்லை.

அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால், லேபிளே பொடிப் பொடிப் புள்ளிகள். அவற்றின் மேல் அச்சகம் தன் புள்ளிகளைப் போட, இரண்டும் மோதி அலை கிளம்பியிருக்கிறது. படத்தைத் திரையில் சுருக்கிப் பார்த்தால் அங்கேயும் அலை தெரிந்தது. நான் எப்போதும் 100 சதவீதத்தில்தான் பார்த்திருக்கிறேன்!

லேபிளைச் சற்றே சாய்த்து வைத்து 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். நேராக்கி, புள்ளிகள் கரையும் அளவுக்கு மட்டும் மங்கலாக்கி, பிறகு 300-க்குக் குறைத்தேன். மங்கிய கோடுகளை மேலே புதிதாக வரைந்தேன். அடுத்த பிரதி சுத்தம். கோட்டைத் தாண்டி மஞ்சள் நிறம் வழிந்திருந்த பழைய அச்சுப் பிசகை மட்டும் வேண்டுமென்றே திருத்தவில்லை.